ஆர்எக்ஸ் 100-இன் தேய்ந்த சிலிண்டர்: ரீபோரா, புதிய கிட்டா, பழைய பிளாக்கா?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவில் வெளிவந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்று சாலையில் ஓடும் ஆர்எக்ஸ் 100-களில் மிக இளையதற்குக்கூட ஏறத்தாழ முப்பது வயது. இந்த வயதில் வரும் எஞ்சின் கோளாறுகளில் வீட்டு முற்றத்தில் வைத்து நாமே சரிசெய்யக்கூடியவற்றுள் முதன்மையானது டாப் எண்ட் வேலை, அதாவது பிஸ்டன், ரிங், சிலிண்டர் ஆகியவற்றின் தேய்மானத்தைத் தீர்ப்பது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளதுபோன்ற வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை, கேம் இல்லை. ஹெட்டின் நான்கு நட்டுகளைக் கழற்றினால் பிஸ்டனின் தலை கண்ணுக்குத் தெரிந்துவிடும். கழற்றுவதும் பூட்டுவதும் அவ்வளவு எளிது. தேய்ந்த சிலிண்டருக்குப் பதிலாக எதைப் பூட்டுவது என்பதுதான் கடினமான கேள்வி.

வழிகள் ஐந்து இருக்கின்றன. ரிங்கை மட்டும் மாற்றலாம். பழைய பிளாக்கை, அதாவது சிலிண்டர் வார்ப்பை, உள்ளே கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம்; இதுவே ரீபோர், பட்டறை வழக்கில் போர் போடுவது. சந்தையில் கிடைக்கும் புதிய பிளாக்-பிஸ்டன் கிட்டை வாங்கிப் பூட்டலாம். பழைய ஒரிஜினல் பிளாக் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். அல்லது இருக்கும் பிளாக்கிலேயே புது ஸ்லீவ், அதாவது புதிய உட்சுவர்க் குழாய், இறக்கலாம். விலையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுபவர்களே மிகுதி. என் கருத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வழியில் போனால் வண்டியோடு வந்த அசல் பிளாக்கில் எவ்வளவு இரும்பு மிஞ்சும்? பிஸ்டன் இன்றும் கிடைக்கிறது, ரிங் கிடைக்கிறது, பேரிங் கிடைக்கிறது. 1996-க்கு முன் வார்க்கப்பட்ட அசல் பிளாக் மட்டும் இனிப் புதிதாக வரப்போவதில்லை.

முடிவெடுக்கும் முன் தேய்மானம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கிக்கர் இலகுவாக இறங்குகிறது, மேட்டில் இழுவை இல்லை, காலையில் குளிர்ந்த எஞ்சினில் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டுச் சூடானதும் அது குறைகிறது என்றால் சிலிண்டரையும் பிஸ்டனையும் சந்தேகிப்பது நியாயம். ஆனால் சைலன்சரில் வெண்புகை வருவதை வைத்து ‘ரிங் போய்விட்டது’ என்று சொல்வது, ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியின் கணக்கை டூ-ஸ்ட்ரோக்கில் போடுவதாகும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகும் 2டி ஆயில் எரிவது இயல்பு. ரிங் தேய்ந்ததால் மட்டும் புகை கூடிவிடாது. வெண்புகை கட்டுக்கடங்காமல் வருவதோடு கியர் ஆயிலின் அளவும் குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் கிழிந்து, கியர் ஆயிலை எஞ்சின் உள்ளே இழுத்து எரிக்கிறது என்று பொருள். அதற்குப் போர் போட்டுப் பயனில்லை.

ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றியபின் வேறு எதையும் பார்ப்பதற்கு முன், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பார்க்க வேண்டும். பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ராடை இரு விரலால் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்து அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. மேலும் கீழுமாக ‘டக்’ என்று ஓர் அசைவு தெரிந்தாலே ராடின் கீழ்முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது கிராங்க் கேஸைப் பிரித்து, கிராங்கை வெளியே எடுத்து, பிரெஸ்ஸில் வைத்து ராடு மாற்றி, இரு பக்கமும் ஒரே மையத்தில் சுழல்கிறதா என்று டயல் கேஜில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. ராடில் ஆட்டம் இருக்கும்போது மேலே மட்டும் புது பிஸ்டன் போடுவது வீண்செலவு. கீழ் வேலையை முடித்த பிறகே மேல் வேலையைத் தொடங்க வேண்டும். இக்கட்டுரை, கீழ்ப்பகுதி நலமாக உள்ள எஞ்சினைப் பற்றியது.

அடுத்து அளவு. ஆர்எக்ஸ் 100-இன் துளை 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி. இந்த 50 மி.மீ. இன்று எவ்வளவாகியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, சாதாரண வெர்னியராலும் சொல்ல முடியாது. துளையின் விட்டத்தை நுட்பமாக அளக்கும் போர் கேஜ் வேண்டும். பெரும்பாலானோர் வீட்டில் அது இருக்காது. ஆனால் போர் போடும் லேத் பட்டறை எதிலும் இருக்கும், அளந்து சொல்வதற்குப் பெரிதாகக் கூலியும் கேட்க மாட்டார்கள். துளையின் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஆறு அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பின் அளவுக்கும் பக்கவாட்டு அளவுக்கும் உள்ள வேறுபாடு, துளை எவ்வளவு முட்டை வடிவமாகிவிட்டது என்பதைக் காட்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு, எவ்வளவு கூம்பாகியிருக்கிறது என்பதைக் காட்டும். யமஹாவின் சிறு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான கையேடுகளில் பொதுவாகக் காணப்படும் வரம்பு, கூம்புக்கு 0.05 மி.மீ., வட்டம் பிசகுவதற்கு 0.01 மி.மீ. இவற்றைத் தாண்டிய பிளாக்கில் ரிங்கை மட்டும் மாற்றுவது என்ற முதல் வழி அங்கேயே அடைபட்டுப் போகிறது.

அந்த முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவுகள் வரம்புக்குள் இருந்து, சுவரில் கீறல் இல்லாமல், பிஸ்டனின் ரிங் பள்ளங்களும் தேயாமல் இருந்தால், புது ரிங் போடுவதைவிடச் சிக்கனமான, பிளாக்கின் இரும்பை முழுமையாகக் காப்பாற்றுகிற வேறு வழி கிடையாது. ஆனால் முப்பது வயது வண்டியில் இந்த மூன்றும் ஒருசேர அமைவது அரிது. முட்டை வடிவத் துளையில் வட்டமான புது ரிங் சுவரோடு முழுவதும் பொருந்தாது. பொருந்தாத இடம் வழியாக எரிந்த வாயு கீழே இறங்கி, பிஸ்டன் பக்கவாட்டைச் சுட்டு, அங்கிருக்கும் ஆயில் படலத்தையும் எரித்துவிடும். பழைய ரிங் ஏறி இறங்கித் தேய்த்த எல்லையின் மேற்புறத்தில் ஒரு சிறு விளிம்பு நின்றிருந்தால், கூர்முனையுள்ள புது ரிங் அதில் மோதி உடைவதும் உண்டு. எமரித் தாளை வைத்து உள்ளே சுற்றித் தேய்த்தால் சுவர் பளபளப்பு நீங்கிப் புதிதுபோல் தெரியும். வட்டம் திரும்பி வராது.

ஆக, பெரும்பாலான வண்டிகளுக்கு உண்மையான தேர்வு ரீபோர், கிட், பழைய பிளாக் ஆகிய மூன்றுக்கு இடையில்தான். ரீபோரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் பரிந்துரைப்பதும் அதையே.

ஆர்எக்ஸ் 100 சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. பிற்காலத்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் இருக்கும் நிக்கல் பூச்சுச் சுவரைப் போலின்றி, இதை லேத்தில் கடைந்து துளையைப் பெரிதாக்க முடியும். அதற்கு ஏற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என நான்கு படிகளில் வருகின்றன. இவை விட்டத்தில் கூடும் அளவுகள். 0.25 என்றால் சுவரின் ஒவ்வொரு பக்கத்திலும் 0.125 மி.மீ. மட்டுமே கடையப்படும். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு பக்கத்தில் 0.1 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்திருந்தால் 0.25 படியிலேயே சுவர் சுத்தமாகிவிடும். சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சுவரில் இறுகிப் பிடித்து, 0.2 மி.மீ. ஆழத்துக்குக் கீறல் விழுந்திருந்தால் 0.25 போதாது, 0.50-க்குப் போயாக வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும், 0.50 போட்டுவிடலாம்’ என்று பட்டறையில் சொன்னால், கீறலின் ஆழத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தேவையில்லாமல் தாண்டும் ஒவ்வொரு படியும் பிளாக்கின் ஆயுளில் கால் பங்கு.

துளை பெரிதாவதால் வண்டியின் சக்தி கூடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 0.25 படியில் கொள்ளளவு 98.2-இலிருந்து 99.2 சி.சி. ஆகிறது, கடைசிப் படியான 1.00-இல்கூட 102.1 சி.சி.தான். ஓட்டும்போது உணரத்தக்க வேறுபாடு இதில் இல்லை. ரீபோருக்குப் பின் வண்டி புத்துயிர் பெற்றதுபோல் இழுப்பது, இழந்திருந்த கம்ப்ரெஷன் திரும்பி வந்ததால்தான்.

நல்ல பட்டறையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பிளாக்கை மட்டும் எடுத்துச்சென்று ‘0.25 போர் போட்டுக் கொடுங்கள், பிஸ்டன் பிறகு வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர், ‘பிஸ்டன எடுத்துட்டு வாங்க சார், அது இல்லாம போட முடியாது’ என்று பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரே 0.25 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூறில் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளியோ 0.04 மி.மீ. அளவில்தான்; துல்லியமான எண்ணைப் பிஸ்டனோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கையிலிருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத்தான் துளையைக் கடைய வேண்டும். அளக்கும் இடமும் முக்கியம்: பிஸ்டனின் தலைப்பக்கத்தில் அல்ல, பாவாடைப் பகுதியின் அடியை ஒட்டி, பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின் செருகும் துளைக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். பிஸ்டன் சூடானபின் வட்டமாகும் வகையில்தான் குளிர்ந்த நிலையில் சற்று முட்டை வடிவமாகச் செய்யப்பட்டிருக்கிறது.

இடைவெளி குறைந்தால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே சீஸ் ஆகும். கூடினால் புது வேலையிலேயே பழைய சத்தம் கேட்கும். காற்றால் குளிரும் எஞ்சினில் இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது மிகக் குறுகிய தூரம் என்பதால், கூலியில் சிறிது மிச்சப்படுத்துவதற்காகப் பட்டறையை மாற்றுவது கூடாது. கடைந்த பிறகு ஹோனிங், அதாவது கல்லால் உட்சுவரைத் தேய்க்கும் வேலை, செய்திருக்க வேண்டும். சுவரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கோடுகள் சீராகத் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும்.

டூ-ஸ்ட்ரோக் பிளாக்குக்கு மட்டுமே உரிய இன்னொரு வேலை உண்டு. கார், பஸ் எஞ்சின்களுக்குப் போர் போட்டே பழகிய பட்டறைகளில் அது விடுபடக்கூடும். சிலிண்டர் சுவரில் புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் ஜன்னலும், கிராங்க் கேஸிலிருந்து கலவையை மேலே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபர் ஜன்னல்களும் இருக்கின்றன. கடைந்தபின் இந்த ஜன்னல்களின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடும். ரிங் ஒவ்வொரு முறை ஜன்னலைக் கடக்கும்போதும் சற்று வெளியே விரிந்து உள்ளே வரும். விளிம்பு கூராக இருந்தால் ரிங்கைச் சீவிவிடும், அல்லது மாட்டி உடைத்துவிடும். எனவே ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பையும், மேலும் கீழும் குறிப்பாக, மெல்லிய அரத்தாலோ கல்லாலோ சற்றே மழுக்க வேண்டும். பிளாக்கைத் திரும்ப வாங்கும்போது விரல் நுனியை உள்ளே விட்டு ஜன்னல் விளிம்பில் தடவிப் பாருங்கள். விரலில் சொரசொரவென்று பிடித்தால் அங்கேயே சொல்லிச் செய்து வாங்கிவிடுங்கள்.

இப்போது கிட். புதிய பிளாக், பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், அந்தப் பின்னைப் பிடித்து நிறுத்தும் சர்க்லிப் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. காலையில் வாங்கினால் மாலையில் வண்டி ஓடும். பட்டறைக்கு அலைய வேண்டியதில்லை. போர் போடும் நல்ல பட்டறை பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிட் போட்டால் அசல் பிளாக்கைத் தொடாமல் எண்ணெய் தடவிச் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கவும் முடியும் என்பது அதன் இன்னொரு நன்மை. எஞ்சின் எண் கிராங்க் கேஸில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது, பிளாக்கில் இல்லை; அதனால் அதே கொள்ளளவுள்ள பிளாக்கை மாற்றுவதால் ஆர்.சி.யில் எந்தச் சிக்கலும் வராது.

அப்படியிருந்தும் கிட்டை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் குணம் முழுவதும் பிளாக்கில் இருப்பதுதான். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எப்போது காற்று உள்ளே வர வேண்டும், எப்போது புகை வெளியேற வேண்டும் என்பதைக் கேம் தீர்மானிக்கிறது. ஆர்எக்ஸில் அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சிலிண்டர் சுவரின் ஜன்னல்கள். அவற்றின் உயரம், அகலம், சாய்வு. எக்சாஸ்ட் ஜன்னல் ஒரு மி.மீ. மேலே ஏறியிருந்தால் கீழ் வேகத்து இழுவை குறைந்து, மேல் வேகத்தில் மட்டும் வண்டி விழித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் வழிகள் இடதும் வலதும் சமமாக இல்லையென்றால் புதிய கலவை நேராகச் சைலன்சருக்குள் போய்விடும். பெட்ரோல் செலவு கூடும், இழுவை குறையும். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் கொடுத்து அந்தக் காலத்து இளைஞர்களை ஈர்த்த எஞ்சின், அந்தத் திறனைப் பெற்றது இந்த ஜன்னல்களின் அமைப்பாலும் அதற்கேற்ற சைலன்சராலும்தான். சந்தைக் கிட்டுகளில் நன்றாக வார்க்கப்பட்டவை இருக்கின்றன. ஜன்னல் வழிகளுக்குள் வார்ப்பு மணல் தடமும் பிசிறும் அப்படியே நிற்பவையும் இருக்கின்றன. பெட்டியைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

எனவே கிட்தான் என்று முடிவு செய்தவர்கள், கடையிலேயே பெட்டியைத் திறந்து, உங்கள் பழைய பிளாக்கையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மேல் முகத்திலிருந்து எக்சாஸ்ட் ஜன்னலின் மேல்விளிம்பு வரை உள்ள தூரத்தை வெர்னியரின் ஆழக்கோலால் இரண்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். டிரான்ஸ்ஃபர் ஜன்னல்களுக்கும் அவ்வாறே. கிட்டோடு வரும் அடிப் பேக்கிங்கின் கனத்தையும் பாருங்கள். அது அசல் பேக்கிங்கைவிட அரை மி.மீ. கனமாக இருந்தால், பிளாக்கே அரை மி.மீ. உயர்ந்து எல்லா ஜன்னல்களும் தாமாக மேலே ஏறிவிடும், கம்ப்ரெஷனும் குறையும். புது கிட்டின் துளையும் பிஸ்டனும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவைதானே என்று அளக்காமல் விட்டுவிடவும் கூடாது. ஒருமுறை போர் கேஜில் பார்த்துவிட்டுப் பூட்டுவதால் நட்டம் எதுவுமில்லை.

மூன்றாவது, பழைய ஒரிஜினல் பிளாக். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளில் தேடினால் கிடைக்கும். ஆர்எக்ஸ் பித்துப் பிடித்தவர்களிடையே இதற்கென்று தனி மதிப்பு இருக்கிறது. ‘ஜப்பான் பிளாக்’ என்ற பெயர் சொல்லப்பட்டவுடன் விலை ஒரு படி ஏறிவிடுகிறது. நல்ல அசல் பிளாக் கிடைத்தால் அது கிட்டைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘நல்ல’ என்ற சொல்லை நாமே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். துளை ஏற்கனவே எந்தப் படியில் இருக்கிறது என்பதுதான் முதல் சோதனை. 1.00 வரை போய்விட்ட பிளாக்கை அசல் என்பதற்காக வாங்கினால், அடுத்த முறை கடைய இரும்பு இராது. உங்கள் வண்டியில் இருப்பது 0.25-இல் நிற்கும்போது அதை மாற்றி இதை வாங்குவது, குறைவாகக் கடைந்ததைக் கொடுத்து அதிகம் கடைந்ததை வாங்குவதாகும். எக்சாஸ்ட் வழியாக உள்ளே பார்த்தால், இரும்புச் சுவரின் ஜன்னலும் வெளியிலிருந்து வரும் வழியும் ஒரே கோட்டில் சேர்கின்றனவா என்பது தெரியும். அவை படிபோல் விலகி நின்றால், அந்தப் பிளாக்கில் யாரோ ஏற்கனவே ஸ்லீவ் மாற்றியிருக்கிறார்கள். எக்சாஸ்ட் பெண்டைப் பிடிக்கும் திருகு வழிகள் அழியாமல் இருக்கின்றனவா, குளிர்விக்கும் தகடுகள் உடைந்திருக்கின்றனவா, பேக்கிங் உட்காரும் முகங்கள் உளியால் தட்டிக் கழற்றிய வடு இல்லாமல் இருக்கின்றனவா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பில் கொடுக்கும் கடையில் வாங்குவது எல்லா வகையிலும் நல்லது.

ஸ்லீவ் இறக்குவது, துளை 1.00 படியையும் தாண்டித் தேய்ந்தபின் அசல் பிளாக்கைக் காப்பாற்றும் கடைசி வழி. பழைய இரும்புச் சுவரைக் கடைந்து எடுத்துவிட்டு, பிளாக்கைச் சூடாக்கி, சற்றே பெரிதான புதிய வார்ப்பிரும்புக் குழாயை இறுக்கமாக இறக்கி, ஜன்னல்களை வெட்டி, மறுபடியும் 50 மி.மீ.க்குக் கடைகிறார்கள். கணக்குப்படி பிளாக் புதிதாகிவிட்டது. மீண்டும் நான்கு படிகள் கையில் இருக்கின்றன. ஆனால் இரு கேள்விகளை இந்த வேலை எழுப்புகிறது. புதுக் குழாயும் வெளிப்புற உலோகமும் எங்கும் இடைவெளியின்றி ஒட்டியிருந்தால்தான் சூடு தகடுகளுக்குப் போய்ச் சேரும். எங்காவது விலகியிருந்தால் அந்த இடத்தில் பிஸ்டன் பிடிக்கும். ஜன்னல்களைக் கையால் வெட்டுபவர் பழைய உயரத்தை அளந்து வெட்டினாரா, கண் மதிப்பில் வெட்டினாரா என்பதைப் பொறுத்து வண்டியின் குணம் மாறிவிடும். டூ-ஸ்ட்ரோக் ஸ்லீவ் வேலையைத் தொடர்ந்து செய்துவரும் பட்டறை கிடைத்தால் தயங்காமல் கொடுக்கலாம். இல்லையென்றால் அந்த நிலையில் அளந்து வாங்கிய நல்ல கிட்டே மேல். அசல் பிளாக்கை எறியாமல் வைத்திருந்தால், பட்டறை அமையும்போது ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம்.

ஆர்எக்ஸ் 135-இன் பெரிய பிளாக்கை ஏற்றுவது என்ற ஆசையை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. கொள்ளளவு மாறினால் வண்டி ஆர்.சி.யில் பதிவான வண்டியாக இருக்காது. 15 ஆண்டுகளைக் கடந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சோதனைக்கு நிறுத்த வேண்டிய வண்டியில் அந்த வம்பு வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும், பழைய சிலிண்டர் ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் புதியதைப் பூட்டக்கூடாது. ஏர் ஃபில்டர் கிழிந்தோ கழற்றப்பட்டோ இருந்தால் சாலைப் புழுதியே சுவரைத் தேய்த்திருக்கும். மேக்னட் பக்கத்து ஆயில் சீல் உலர்ந்து வெடித்திருந்தால், அதன் வழியே வெளிக்காற்று நுழைந்து கலவையை நீர்த்துப்போகச் செய்திருக்கும். கார்புரேட்டரை எவ்வளவு திருப்பினாலும் ஐடிலிங் நிலைகொள்ளாமல் ஏறி இறங்குவது அதன் அறிகுறி. 2டி ஆயிலை எஞ்சினுக்குத் தானாக அனுப்பும் ஆட்டோலூப் பம்ப்பின் கப்பியில் உள்ள குறி, ஆக்சிலரேட்டர் கேபிளோடு சரியாக இணைந்து நகர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிள் நீண்டு குறி பின்தங்கியிருந்தால், வேகமாக ஓட்டும்போதுதான் ஆயில் போதாமல் போகும், சூடும் அப்போதுதான் மிகுதி. எக்சாஸ்ட் பக்கத்தில் மட்டும் பிஸ்டனில் நெடுக்குக் கீறல் இருந்தால் சூட்டையும் ஆயில் பற்றாக்குறையையும் நினைக்க வேண்டும். உள்ளிழுக்கும் பக்கத்தில் மங்கலாக, மணல் தேய்த்ததுபோல் இருந்தால் புழுதியை நினைக்க வேண்டும். பழைய பிஸ்டனை எறிவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பூட்டும் வேலை வீட்டில் நிதானமாகச் செய்யத்தக்கது. அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலால் துடைத்தால் மட்டும் சுத்தமாகாது. ஹோனிங் கல்லின் பொடி அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே தங்கியிருக்கும். வெந்நீரும் துணி சோப்பும் போட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்த்து, துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். காய்ந்த உடனே 2டி ஆயில் தடவாவிட்டால் துரு ஏறிவிடும். ரிங்கைத் தனியாகத் துளைக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 50 மி.மீ. துளைக்குச் சுமார் 0.2 மி.மீ. என்பது பொது விதி. பிஸ்டன் தாளில் எண் கொடுத்திருந்தால் அதுவே இறுதி.

கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்த பிறகே சர்க்லிப்பைத் தொட வேண்டும். தெறித்து உள்ளே விழுந்த ஒரு சர்க்லிப்புக்காக முழு எஞ்சினையும் பிரிக்க நேரிடும். பழைய சர்க்லிப்பைத் திரும்பப் போடவே கூடாது. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி முன்பக்கம், சைலன்சரை நோக்கி இருக்க வேண்டும். ரிங் பள்ளத்தில் சிறு ஊசி ஒன்று இருக்கிறது. ரிங்கின் இரு முனைகளும் அந்த ஊசியின் இருபுறமும் உட்கார்ந்தால்தான் ரிங் சுழன்றுபோய் ஜன்னலில் மாட்டாமல் இருக்கும். பிளாக்கை இறக்கும்போது ரிங்கை விரலால் அமுக்கிப் பிடித்து, முனைகள் ஊசியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தபடி இறக்க வேண்டும். எங்காவது தடுத்தால் தட்டாதீர்கள். தூக்கி, பார்த்து, மறுபடி இறக்குங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஆயில் குழாயைக் கழற்றியிருந்தால் பம்ப்பில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே எஞ்சினை உதைக்க வேண்டும். குழாயில் காற்று இருக்கும்வரை புது பிஸ்டனுக்கு ஆயில் போகாது. முதல் டாங்க் பெட்ரோலில் மட்டும் சிறிது 2டி ஆயிலை நேரடியாகக் கலந்து வைப்பது, பம்ப் சீராகும் வரை ஒரு காப்பு.

முதல் 500 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகக்கூடாது என்பதை எல்லோரும் அறிவர். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக்கூடாது என்பதும், டாப் கியரில் எஞ்சினைத் திணறவிட்டு மேடு ஏறக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு முழுவதும் ஆறியபின், ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை குறுக்காக இறுக்கிப் பாருங்கள். புதுப் பேக்கிங் அமுங்கிச் சற்றுத் தளர்ந்திருக்கும். எக்சாஸ்ட் பெண்டின் இணைப்பில் ஆயில் கசிந்திருந்தால் அந்த நட்டுகளையும் அப்போதே இறுக்கிவிடலாம். எந்தப் படியில் போர் போடப்பட்டது, எந்தத் தயாரிப்புப் பிஸ்டன், எந்தத் தேதி என்பவற்றை ஆர்.சி. உறைக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.